புது ஸ்போர்ட்ஸ் காருக்குப் பழைய முகம் எதற்கு?

"இப்போது வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பாதிக்கு மேல் அறுபது எழுபதுகளில் வந்த மாடல்களின் தோற்றத்தையே கடன் வாங்குகின்றன, இது சரியா, இல்லை டிசைனர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டதா?" என்பது கேள்வி.

இதைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்து வருகிறேன், அதனால் பதில் நீளமாகத்தான் வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கலாம். ஆனால் பழைய காரில் ஒரு வளைவோ ஒரு துளையோ இருந்தது என்றால் அது அன்றைக்கு ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வேலை இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். வேலை போய் வளைவு மட்டும் மிஞ்சியிருந்தால் அது வேஷம் கட்டின கார். வேஷத்தை முதல் நாள் எல்லோரும் ரசிப்பார்கள், அப்புறம் அலுத்துவிடும்.

போர்ஷே 911-இலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் "அறுபது வருடமாக ஒரே காரையே திருப்பித் திருப்பிச் செய்கிறார்கள்" என்று பலரும் குறை சொல்வது இதைத்தான். 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் தங்களுக்குச் சொந்தம் என்று பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ சொன்னதால் 911 ஆனது. இந்தக் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜின் பின் சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. முன்னால் இன்ஜின் இல்லை, அதனால் பானட் தாழ்ந்துவிட்டது, ஆனால் சக்கரமும் ஹெட்லைட்டும் அந்த உயரத்துக்குள் அடங்காது, அதனால் இரண்டு பக்கமும் மட்கார்டு மேடுகள் பானட்டைவிட உயர்ந்து நிற்கின்றன. பின்னால் இன்ஜினையும் மூட வேண்டும், குழந்தைகளாவது உட்காரும்படி இரண்டு சின்ன சீட்டும் வேண்டும், அதனால் கூரை ஒரே சரிவாகப் பின்பக்கம் வரை இறங்குகிறது. இன்றைக்கு ஷோரூமில் இருக்கும் 911-இலும் இன்ஜின் அதே இடத்தில்தான். காரணம் மாறவில்லை, வடிவமும் மாறவில்லை. இதை ரெட்ரோ, அதாவது பழைய பாணியைத் திருப்பிக் கொண்டுவருவது, என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை, தொடர்ச்சி என்று சொல்லலாம்.

அந்தத் தொடர்ச்சி ஒரே ஒரு தடவை அறுந்தது. 1997-இல் வந்த 996 தலைமுறையில் காற்றால் குளிர்ந்த இன்ஜின் போய்த் தண்ணீரால் குளிர்விக்கும் இன்ஜின் வந்தது, அதில் தவறே இல்லை. செலவைக் குறைக்க முன்பக்கத்தைப் பாக்ஸ்டர் என்ற விலை குறைந்த மாடலோடு பங்குபோட்டுக்கொண்டார்கள், இண்டிகேட்டரையும் ஹெட்லைட்டையும் ஒரே கண்ணாடிக்குள் அடைத்தார்கள். பொரித்த முட்டை மாதிரி மஞ்சள் வழிகிறது என்று ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நல்ல கார், நிறுவனத்துக்குப் பணம் கொண்டுவந்து நிமிர்த்திய கார், ஆனாலும் அந்தக் கண் யாருக்கும் பிடிக்கவில்லை. 2004-இல் 997 வந்தபோது வட்ட விளக்கு திரும்பி வந்தது. இதைப் பிற்போக்கு என்று நான் சொல்ல மாட்டேன். மட்கார்டு மேட்டின் முனையில் உட்கார வட்டம்தான் இயல்பான வடிவம், மேடு இருக்கிறவரை வட்டமும் பொருந்தும்.

வட்ட ஹெட்லைட் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். பழைய கார் என்றாலே நம் மனதில் வரும் அந்த வட்டக் கண்கள் பெரும்பாலும் டிசைனரின் விருப்பமே இல்லை. அமெரிக்காவில் 1940-இலிருந்து பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டாக மூடி வரும் சீல்டு பீம் விளக்குதான் போட வேண்டும் என்று சட்டம். 7 அங்குல வட்டம், எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவு. ஐம்பதுகளின் கடைசியில் நான்கு சின்ன வட்டங்கள் அனுமதிக்கப்பட்டன, எழுபதுகளில் செவ்வகம் வந்தது, கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி விளக்கு செய்துகொள்ளலாம் என்று 1983-இல்தான் விட்டார்கள். விளக்கின் மேல் கண்ணாடி மூடி கூடாது என்றும் ஒரு விதி வந்தது, அதனால்தான் ஜாகுவார் இ-டைப் 1968 வாக்கில் தன் அழகான மூடிகளை இழந்தது. ஆக, டிசைனர் கையில் ஒரு வட்டம் கொடுக்கப்பட்டது, அதைச் சுற்றி அவர் ஒரு முகம் செதுக்கினார். இன்றைக்கு எல்இடி விளக்கு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. அப்படியிருக்க ஒருவர் பெரிய வட்டம் போடுகிறார் என்றால், சட்டம் செத்து நாற்பது வருடம் கழித்து அதற்குக் கீழ்ப்படிகிறார் என்றுதான் அர்த்தம்.

இதிலும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தவர்கள் உண்டு. நிசானின் புது இஸட் காரில் ஹெட்லைட்டுக்குள் இரண்டு அரைவட்டக் கோடுகள் எரியும். எழுபதுகளில் ஜப்பானில் விற்ற 240இஸட்ஜி மாடலில் விளக்கின் மேல் கண்ணாடிக் குமிழ் இருந்தது, வெளிச்சம் பட்டால் அதில் இரண்டு வட்டமான பிரதிபலிப்பு விழும். அந்தப் பிரதிபலிப்பைத்தான் கடன் வாங்கினார்கள், விளக்கை அப்படியே வாங்கவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அது வெறுமனே நல்ல விளக்கு.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். இந்த ரெட்ரோ அலை பெரிதாக அடித்தது அங்கேதான்.

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளிவந்தது, முதல் வருடத்திலேயே நாலு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் கதவுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு குழிவு இருக்கும், மஸ்டாங் என்றாலே அதைத்தான் வரைவார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1962-இல் அதே பெயரில் ஃபோர்டு ஒரு சோதனைக் கார் செய்தது. அதில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது, பக்கத்தில் இருந்த துளைகள் வழியாக ரேடியேட்டருக்கு நிஜமாகவே காற்று போனது. விற்பனைக்கு வந்த மஸ்டாங் முன்னால் இன்ஜின் வைத்த கார், பால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தில் கட்டினது. ரேடியேட்டர் மூக்குக்குப் போய்விட்டது, துளை மட்டும் அலங்காரமாகத் தங்கிவிட்டது. அதாவது 1964 மஸ்டாங்கே இரண்டு வருடப் பழைய காரிலிருந்து கடன் வாங்கின கார்தான்.

அப்படியானால் என் அளவுகோல் இங்கே உடைகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் நினைப்பது இது: மஸ்டாங்கின் வேலையே தோற்றம்தான். நடுத்தரச் சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் நீளமான பானட், குட்டையான டிக்கி, பார்த்தால் பறக்கிற மாதிரி ஒரு உடம்பு. அந்த வேலை 2005-இலும் இருந்தது. அந்த வருடத்து மஸ்டாங்கில் சுறா மாதிரி முன்னுக்குச் சாய்ந்த மூக்கு, மூன்று பட்டை டெயில் லைட், பக்கவாட்டுக் குழிவு எல்லாம் திரும்பின. அதுவும் சாதாரண மனிதன் வாங்கக்கூடிய வி8 காராகவே இருந்தது. அதனால் ஒட்டியது. ஃபோர்டு செய்த நல்ல காரியம் அங்கேயே நிற்காததுதான். 2015-இல் கூரையை இன்னும் சரித்து, உடம்பை அகலமாக்கித் தாழ்த்தி, பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்து, பழையதிலிருந்து எடுத்த அடையாளங்களைக் கணிசமாகக் குறைத்தார்கள். மூன்று பட்டை டெயில் லைட்டை மட்டும் விடவில்லை. இருட்டில் முன்னால் போகிற கார் எது என்று தெரிய அது போதும்.

ஷெவர்லே கேமரோவுக்கு இது அமையவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் 2006-இல் வந்த மாதிரிக் கார் அவ்வளவு அழகு. 1967-இல் பிறந்த கேமரோ 2002-இல் நின்றுபோனது, 1969 மாடலை மனதில் வைத்து 2010 மாடலாகத் திரும்பி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முஷ்டியை மடக்கின மாதிரி நிற்கும். உள்ளே உட்கார்ந்தால்? ஜன்னல் விளிம்பு தோளுக்கு வந்துவிடுகிறது, முன் கண்ணாடி தபால் பெட்டியின் வாய் மாதிரி ஒரு பட்டை, பின் பக்கம் திரும்பிப் பார்த்தால் தகடுதான் தெரியும். கார் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை இது. 1969 காரில் இந்தப் பிரச்சினை கிடையாது, கூரையைத் தாங்கும் மெல்லிய பில்லர், பெரிய கண்ணாடி, வெளிச்சமான அறை. ஆக வெளித்தோற்றத்தைக் கொண்டுவரப் போய், பழைய காரில் உட்கார்ந்தவனுக்குக் கிடைத்த சுகத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ரெட்ரோ டிசைனின் மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பழைய காரின் கதவு ஒரு மெல்லிய தகடு. இன்றைக்கு அதே கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புக் கம்பி, ஸ்பீக்கர், மோட்டார் எல்லாம் போக வேண்டும், அதனால் கதவு தடிக்கிறது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது. அமெரிக்காவில் காரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும் என்றிருந்த விதியை 2009-இல் மூன்று மடங்காக உயர்த்தினார்கள், அதனால் பில்லர் தடிக்கிறது. நடந்து போகிறவரை இடித்தால் அவர் தலை பானட்டில் விழும், பானட்டுக்கும் அடியிலிருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால்தான் பிழைப்பார். 2005 வாக்கிலிருந்து ஐரோப்பா இதைக் கண்டிப்பாகப் பார்க்க ஆரம்பித்தது, அதனால் பானட் உயர்கிறது. பானட் உயர்ந்தால் ஜன்னல் விளிம்பும் உயர வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டுக் கோடு உடைந்து தெரியும். உடம்பு தடித்த பிறகு பழைய 14 அங்குலச் சக்கரம் போட்டால் யானைக்குப் பூனைக் கால் வைத்த மாதிரி இருக்கும், அதனால் கேமரோ எஸ்எஸ்ஸுக்கு 20 அங்குலச் சக்கரம். எடை 1,750 கிலோவைத் தொட்டுவிட்டது. இத்தனையும் மாறின பிறகு, 1969-இன் கோடுகளை மட்டும் மேலே வரைந்தால் என்ன ஆகும்? உயரம் அதே, உடம்பு மட்டும் இரண்டு பங்கு, ஆனால் போட்டிருப்பது இருபது வயதில் தைத்த சட்டை. 2024 மாடலோடு கேமரோ மறுபடியும் நின்றுபோனது. தோற்றம் ஒன்றால்தான் நின்றது என்று சொல்வது நியாயமாகாது, ஆனால் வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

டாட்ஜ் சேலஞ்சர் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். 1970 காரைக் கிட்டத்தட்ட அச்செடுத்த மாதிரி 2008-இல் கொண்டுவந்தார்கள், 2023 டிசம்பர் வரை பெரிதாக மாற்றவே இல்லை. பதினைந்து வருடம்! கடைசிக் காலத்தில், 2021-இல், அமெரிக்காவில் மஸ்டாங்கைவிட அதிகம் விற்றது. எப்படி? கேமரோ சின்னக் காரைப் போல நடந்துகொள்ளப் பார்த்து இடத்தைத் தொலைத்தது. சேலஞ்சர் தான் பெரிய உடம்பு என்பதை ஒப்புக்கொண்டது. பின் சீட்டில் பெரியவர்கள் உட்காரலாம், டிக்கியில் பெட்டி வைக்கலாம், நெடுஞ்சாலையில் நேராக நாள் முழுக்க ஓட்டலாம், முன்னால் பெரிய வி8. 1970-இல் சேலஞ்சர் வாங்கினவனும் இதற்குத்தான் வாங்கினான். 2018-இல் 840 குதிரைத்திறன் கொண்ட டீமன், 2023-இல் 1,025 குதிரைத்திறன் கொண்ட டீமன் 170 என்று சக்தியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தோற்றத்துக்குள்ளே அதற்கேற்ற உயிர் இருந்தது, அதனால் விற்றது.

அதே டாட்ஜின் சார்ஜர் கதை எனக்கு இன்னும் சுவாரசியம். 1968 சார்ஜரின் முகம் உலகத்துக்கே தெரியும், உள்ளே தள்ளிப் பதித்த அகலமான கிரில், மறைந்திருக்கும் விளக்கு. பின் கண்ணாடியும் இரண்டு பக்கச் சிறகுக்கு நடுவில் குழிந்திருக்கும். பார்க்க அழகு, நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் பெரும் தலைவலி. முன் குழி காற்றை அள்ளிக்கொண்டது, பின் குழி காரின் வாலைத் தூக்கியது. கம்பெனியின் பொறியாளர்களே 1969-இல் பின் கண்ணாடியைச் சமமாக்கி, முன்னால் கூர் மூக்கு ஒட்டி, பின்னால் கிட்டத்தட்ட இரண்டு அடி உயரத்தில் ஒரு விங் நிறுத்தி, சார்ஜர் டேடோனா என்று வெளியிட்டார்கள். 1970 மார்ச்சில் டாலடீகா மைதானத்தில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது அந்தக் கார். அதாவது நாம் இன்று கண்ணீரோடு நினைக்கிற அந்த முகத்தை அதைச் செய்தவர்களே ஒரு வருடத்தில் தூக்கி எறிந்தார்கள். 2024-இல் வந்த மின்சார சார்ஜர் டேடோனாவில் பழைய தட்டை முகம் திரும்பியிருக்கிறது, ஆனால் பானட்டின் முன் விளிம்பு ஒரு விங். அதன் அடியில் காற்று நுழைந்து பானட்டின் மேல் வழிந்து போகும். முன்னாலிருந்து பார்த்தால் 1968, காற்றுக்குத் தாழ்ந்த மூக்கு. பழைய தவறை மறைக்காமல், தவறு எங்கே என்று பார்த்துத் திருத்திவிட்டுக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காரில் ஸ்பீக்கர் வைத்துப் போலியாக உறுமல் சத்தம் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அது வேறு விஷயம்.

வேஷம் அலுத்துப்போன கார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்டு தண்டர்பேர்டு 1955 காரின் நினைவாக 2002 மாடலாக வந்தது, வந்த வருடம் கொண்டாடினார்கள், 2005-இல் முடிந்தது. வட்ட ஜன்னல் வைத்த அந்தக் கழற்றிப் போடும் கூரையைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் எல்லாம் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வாங்கிவிட்டார்கள், அடுத்து வாங்க ஆள் இல்லை. ஃபோக்ஸ்வேகன் நியூ பீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான், ஆனால் பாடம் அதில் தெளிவாகத் தெரியும். பழைய பீட்டிலில் இன்ஜின் பின்னால், அதனால் அந்த வடிவம். புதியது கோல்ஃப் காரின் அடித்தளம், இன்ஜின் முன்னால். வெளியே மூன்று அரைவட்டம் வரைந்துவிட்டதால் முன் கண்ணாடி ரொம்ப தூரம் போய்விட்டது, டேஷ்போர்டு ஒரு மேஜை அளவுக்கு அகன்றது, பின் சீட்டில் தலை இடித்தது. ஸ்டியரிங் பக்கத்தில் பூ வைக்க ஒரு சின்னக் குவளை கொடுத்தார்கள். அது எனக்கும் பிடிக்கும், ஆனால் குவளைக்காக ஒருவர் இரண்டாவது தடவை கார் வாங்க மாட்டார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது பைக்கில் உடனே புரியும். சென்னையிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் இன்ஜினில் இருக்கும் அந்தத் தகடு வரிசைகள் அழகுக்கு மட்டும் இல்லை, அந்த இன்ஜின் காற்றாலும் எண்ணெயாலும்தான் குளிர்கிறது, தகடு இல்லாவிட்டால் சூடு போகாது. 2018-இல் திரும்பி வந்த ஜாவாவில் இருப்பது கூலன்ட் ஓடும் இன்ஜின், ரேடியேட்டரும் இருக்கிறது. ஆனாலும் பழைய ஜாவா மாதிரி தெரிய வேண்டும் என்று இன்ஜினில் தகடுகள் வார்த்திருக்கிறார்கள். இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தால், நான் சொல்கிற வேலைக்கும் வேஷத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஜாவா ஓட்ட நன்றாக இருக்கும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

லம்போர்கினி விஷயம்தான் எனக்கு மனசு ஆறாதது. 2006-இல் அவர்கள் மியூரா காரை நவீனமாக வரைந்து ஒரு மாதிரிக் கார் காட்டினார்கள். உற்பத்திக்கு வருமா என்று எல்லோரும் கேட்டபோது, அன்றைய தலைவர் ஸ்டெபான் விங்கல்மன், லம்போர்கினி எதிர்காலத்தைப் பார்க்கும் கம்பெனி, ரெட்ரோ எங்கள் வேலை இல்லை என்று சொல்லி மறுத்தார். அந்தப் பதிலுக்காக நான் அவர்களை மதித்தேன். அதே விங்கல்மன் மறுபடியும் தலைவரான பிறகு 2021-இல் கவுன்டாக் என்ற பெயரில் 112 கார்கள் செய்தார்கள், பழைய கவுன்டாக்கின் கோடுகளோடு.

பழைய கவுன்டாக் எப்படி வந்தது என்று பாருங்கள். 1971-இல் ஜெனீவாவில் மார்செல்லோ காந்தினி வரைந்த மாதிரிக் கார் காட்டப்பட்டது, அதற்கு முன் யாரும் பார்த்திராத ஆப்பு வடிவம். அதில் பக்கத்தில் பெரிய துளைகளே இல்லை, ஜன்னலுக்குப் பின்னால் சில கீற்றுகள்தான். ஓட்டிப் பார்த்தபோது இன்ஜின் கொதித்தது. அதனால் தோளில் இரண்டு பெட்டி மாதிரி காற்று வாயும், கதவோடு சேர்ந்து, காற்றை உள்ளே இழுக்கும் நாகா (NACA) என்ற பெரிய குழிவும் வெட்டினார்கள். 1974-இல் விற்பனைக்கு வந்தது அந்த உருவம்தான். சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்த அந்தத் துளைகள் எல்லாம் சூட்டோடு போராடினதன் தழும்புகள். மேலே தூக்கும் கதவும் அப்படித்தான், பின்னால் எதுவும் தெரியாது, கதவைத் தூக்கிவிட்டு வாசல் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பார்கள். புதிய காரில் இவை அலங்காரமாக வந்தபோது காந்தினி வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்: இதில் தனக்குப் பங்கு இல்லை, பழையதைத் திருப்பிச் செய்வது தான் எப்போதும் நம்பி வந்ததற்கே எதிரானது என்று. ஒரு தடவை போன பாதையில் மறுபடி போகாதவர் அவர், மியூராவை வரைந்த அதே கைதான் ஐந்து வருடத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத கவுன்டாக்கை வரைந்தது. 2024 மார்ச்சில் காலமானார். அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, இதில் யாரோடும் வாதாடத் தயார்.

கடன் வாங்குவதில் உள்ள இரண்டு வழிகளையும் ஒரே கம்பெனி செய்து காட்டியது, அது ஃபோர்டு ஜிடி. 1966 முதல் 1969 வரை பிரான்சில் நடக்கும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு தடவை தொடர்ந்து வென்ற ஜிடி40-இன் பெயரில் உள்ள 40 அதன் உயரம், 40 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். 2005 மாடல் ஜிடி அந்த உருவத்தைப் பார்த்தவுடன் தெரியும்படி திரும்பக் கொண்டுவந்தது, மனிதர்கள் வசதியாக உட்கார வேண்டும் என்பதால் 4 அங்குலம் உயர்த்தினார்கள். பழைய வடிவத்துக்கு வேகத்தில் மேலே தூக்கும் குணம் உண்டு, 1964 லே மான் சோதனை ஓட்டத்தில் இரண்டு கார்கள் நிலைகொள்ளாமல் விபத்துக்குள்ளாயின. அதனால் புதியவர்கள் மேல் தோலைத் தொடாமல் காரின் அடிப்பாகத்தில் காற்று ஓடும் வழி அமைத்து அதைச் சமாளித்தார்கள். நேர்மையான வேலை, 5.4 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8, இன்றைக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. எனக்கும் அந்தக் கார் பிடிக்கும்.

ஆனால் அடுத்த ஜிடி என்னை அசத்தியது. அதன் உடம்பு ஜிடி40 மாதிரியே இல்லை. நடுவில் நீர்த்துளி மாதிரி ஒடுங்கும் அறை, இரண்டு பக்கமும் அந்தரத்தில் பாலம் மாதிரி நீளும் சிறகுகள், நடுவில் காற்று ஓடக் காலி இடம், வி8-க்குப் பதிலாக டர்போ வைத்த வி6. பழையதை நினைவுபடுத்துவது என்று பார்த்தால் முகத்தில் கொஞ்சம், அப்புறம் பின்னால் இரண்டு வட்ட டெயில் லைட். அந்த வட்டங்களும் நடுவில் ஓட்டை. டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் சூடான காற்று அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. 1966 வெற்றிக்குச் சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2016 ஜூனில் இந்தக் கார் லே மானில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஜிடி40 எதற்காகப் பிறந்ததோ அதையே செய்தது. எது ஜிடி40-க்கு நெருக்கம் என்று கேட்டால், பார்க்க அதே மாதிரி இருக்கும் 2005 காரைவிட இதைத்தான் சொல்வேன்.

இன்னும் ஒன்று, அல்பீன் ஏ110. 1962-இல் பிரான்சின் டியப் ஊரிலிருந்து வந்த சின்னக் கார், மான்டே கார்லோ ராலியில் 1971-இலும் 1973-இலும் வென்றது. 2017-இல் திரும்பி வந்தபோது முன்னால் நான்கு விளக்கு, பானட் நடுவில் ஒரு முதுகெலும்புக் கோடு, சரிந்து இறங்கும் பின் கண்ணாடி என்று தோற்றம் நிறையவே கடன் வாங்கினார்கள். ஆனால் கூடவே எடையையும் கடன் வாங்கினார்கள். பெரும்பாலும் அலுமினியத்தில் கட்டி 1,100 கிலோ பக்கத்தில் நிறுத்தினார்கள், இந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. பின்னால் ஸ்பாய்லர் வைத்தால் அந்த வால் கெட்டுவிடும் என்று அடித்தளத்தைச் சமதளமாக்கி, அடியில் ஓடும் காற்றைப் பின்னால் விரித்துவிடும் டிஃப்யூசர் வைத்தே காரைத் தரையில் அழுத்தினார்கள். பழைய இன்ஜின் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது, இதில் நடுவுக்கு வந்தது, அந்த மாற்றத்துக்கு அவர்கள் கூச்சப்படவில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் ஒரு படி மேல், லோட்டஸ் எலான் என்ற பிரிட்டிஷ் காரின் மனசை எடுத்துக்கொண்டு 1989-இல் வந்தது: லேசான உடம்பு, முன்னால் இன்ஜின், பின் சக்கரத்துக்குச் சக்தி, திறந்த கூரை. இப்போதைய தலைமுறையும் ஒரு டன் அளவிலேயே இருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை ஏதாவது பழைய பெயரில் ஒரு புதுக் கார் வந்தால், முன்னால் நின்று விளக்கைப் பார்க்காதீர்கள், முதலில் உள்ளே ஏறி உட்காருங்கள். பில்லர் எவ்வளவு தடிப்பு, பானட்டின் விளிம்பு தெரிகிறதா, திரும்பிப் பார்த்தால் ரோடு தெரிகிறதா என்று பாருங்கள். பழைய கார்களிலிருந்து யாரும் இதுவரை ஒழுங்காகக் கடன் வாங்காதது இந்த வெளிச்சத்தைத்தான். இன்றைய உயர் வலிமை இரும்பும் கேமராவும் இருக்கும்போது, ஜன்னல் விளிம்பைக் கீழே இறக்கி, கண்ணாடியைப் பெரிதாக்கி, கதவின் மேல் முழங்கையை வைத்தபடி ஓட்டலாம் என்கிற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எந்தக் கம்பெனி செய்தாலும், அதன் ஹெட்லைட் வட்டமா சதுரமா என்றுகூட நான் கேட்க மாட்டேன்.